சீ ஸ்கொயர்

என் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதில் படிப்புப் பைத்தியம் பிடித்தது. தபாலில் ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுகிற ரகம் இல்லை. புள்ளியியலில் பிஎச்டி. இதை அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னபோது மாமா, அதாவது அவள் புருஷன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"முடிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்."

"அப்ப என் முட்டி வலிக்கு மாத்திரை எழுதித் தருவியா?"

"அந்த டாக்டர் இல்ல இது."

"அப்புறம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடியும் தட்டுக்குள் போய்விட்டார். அவருக்குப் பிடிக்காத விஷயம் என்றால் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். நிறுத்தவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அக்கா நர்ஸ். ஊசி போடுகிற நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லாத ஒரு அறை, இரண்டு மேஜை, கதவு சரியாக மூடாத ஒரு இரும்பு அலமாரி. ஆபரேஷன் ஆனவர்களில் யாருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது, எந்த வார்டில் அதிகம், எந்த மாதத்தில் அதிகம் என்று அங்கே உட்கார்ந்து கணக்கு எடுப்பது அவள் வேலை. மீதி நேரத்தில் வார்டு வார்டாகப் போய், யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவாமலே அடுத்த நோயாளியைத் தொடுகிறார்கள் என்று ஓரமாக நின்று பார்க்க வேண்டும். பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் அவள் தலையைக் கண்டால் குழாயைத் தேடி ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் அவளை யாருக்கும் பிடிக்காது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தக் கணக்கு எடுக்கிற வேலைதான் அவளைக் கெடுத்தது. ஒரு ஆபரேஷன் தியேட்டரில் சீழ் வைப்பது அதிகம், இன்னொன்றில் குறைவு. இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா? அதைச் சொல்ல சீ ஸ்கொயர் என்று ஒரு சோதனை இருக்கிறதாம். யாரோ விட்டுவிட்டுப் போன பழைய பாடப்புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் தனியாகவே கற்றுக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். அந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று அடம்பிடித்தாள். கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே ஒரு டியூஷன் சென்டர். வேலைக்குப் போகிறவர்களுக்காக அங்கே மாலை வகுப்பு நடக்கும். அதில் சேர்ந்து நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு என்று ஒவ்வொன்றாகப் படித்து, வெளியிலிருந்து எழுதலாம் என்றிருந்த பல்கலைக்கழகத் தேர்வுகளையும் எழுதித் தேறிவிட்டாள்.

அங்கே வாத்தியார் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒல்லி. சட்டையின் கை நுனியில் எப்போதும் மார்க்கர் மை. வீட்டில் நான் அவருக்கு வைத்த பெயர் குட்டி சார். அக்கா அவரை 'சார்' என்பாள், அவர் அவளை 'அக்கா' என்பார். அவளை அக்கா என்று கூப்பிடுகிற ஏகபோக உரிமை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவள் நான். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரு காரும் நானும், அவ்வளவுதான் ஸ்கூல். அக்காவுக்கு வண்டி ஓட்ட வராது. என்னிடம் கற்றுக்கொள்ளவும் மாட்டாள், நான் கத்துகிறேனாம். அதனால் பயிற்சி போர்டு மாட்டிய அந்தக் காரிலேயே அவளை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் என் தலையில் விழுந்தது. இந்தக் கதையில் நடந்த முக்கால்வாசியும் எனக்குத் தெரிந்திருப்பது அதனால்தான்.

எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேஜை பறிபோனது. லேப்டாப்பும் அவளும் அங்கேயே குடியிருந்தார்கள். எல்லாத் துறைகளும் தங்கள் பக்கத்தில், பலதரப்பட்ட பின்னணியிலிருந்து வருபவர்களை வரவேற்கிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கொஞ்சம் கீழே போனால் மாணவர்கள் படம் வரும். அத்தனை பேரும் இளவட்டங்கள், கணக்குப் பட்டத்தோடு நேரே வந்து இறங்கியவர்கள்.

"வரவேற்கிறாங்கடி," என்பாள் அக்கா, "வாசல் வரைக்கும்."

அவளாகவே மூன்று வகை பிரித்தாள். கேட்டால் சிரிப்பார்கள். கேட்டால் யோசிப்பார்கள். கேட்டால் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது வகை மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை. "என்னையே இழுத்துப் பிடிக்கிறாங்கன்னா அங்க வேற யாரும் எட்டிக்கூடப் பார்க்கலைன்னு அர்த்தம்" என்பாள். சிரிக்கிற வகையை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு யோசிக்கிற வகையில் அதிகம் போட வேண்டும் என்பது குட்டி சார் சொல்லிக் கொடுத்தது.

யோசிக்கிற வகையில் ஒரு துறை மட்டும் தனி. அங்கே இருக்கிற ஒரு பேராசிரியை, ஆஸ்பத்திரிகளில் வரும் தொற்றை எப்படி எண்ணுவது, எண்ணிக்கையில் எங்கெங்கே ஏமாறுவோம் என்பதையே ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர். நான் அவருக்குச் சீழம்மா என்று பெயர் வைத்தேன். அக்கா திட்டிவிட்டு, அப்புறம் அவளும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சீழம்மா எழுதிய கட்டுரைகளை எல்லாம் நகல் எடுத்து, கோடு போட்டுக் கோடு போட்டு, தாள் கந்தலாகிற அளவுக்குப் படித்திருக்கிறாள். அவளுக்குப் போக வேண்டிய இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. அங்கே நேர்காணல் உண்டு. கேமரா முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். தலைமை டாக்டர் ஒருவர், நர்சிங் சூப்பிரண்டு ஒருவர். கணக்கில் இவள் எப்படி என்று சொல்லத் தெரிந்த மூன்றாவது ஆள் உலகத்திலேயே குட்டி சார் ஒருவர்தான். அவரிடம் கேட்ட அன்றைக்கு நானும் மாடிப்படியில் நின்றிருந்தேன். "நானா? என்னையா அக்கா கேக்கறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் மூடி போடாத மார்க்கரைச் சட்டைப் பையில் செருகியதில் பையெல்லாம் நீலமானது.

அதற்கப்புறம்தான் அந்த அறிமுகக் கூட்டம் வந்தது. சீழம்மாவின் துறை, விண்ணப்பிக்க விரும்புகிறவர்களுக்காக ஆன்லைனில் நடத்தியது. அக்கா இஸ்திரி போட்ட உடுப்போடு முன்னறையில் உட்கார்ந்தாள். மாமாவைக் கடைக்கு அனுப்பினோம். கேமராவில் படாத மூலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்கலாம் என்றதும் அக்கா கையைத் தூக்கினாள். ஒரு வாரமாக எங்கள் எல்லாருடைய காதும் தேயும்படி ஒத்திகை பார்த்த கேள்வி. நான் நர்ஸ், எங்கள் வார்டுகளின் கணக்குக்கு சீ ஸ்கொயர் சோதனை போட்டுப் பார்ப்பேன், சீ ஸ்கொயர் சின்ன எண்ணிக்கைகளுக்குச் சரிவராது என்கிறார்களே, அப்போது சீ ஸ்கொயருக்குப் பதிலாக என்று அழகாக, ஒரு திக்கல் இல்லாமல் கேட்டாள்.

திரையில் ஒரு பையன் தலையைக் குனிந்தான். தோள் குலுங்கியது. இன்னொரு பெண் சட்டென்று கேமராவை அணைத்தாள். பதில் சொன்னவர் சீழம்மாவேதான். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மிகவும் மரியாதையாக, நிதானமாகப் பதில் சொன்னார். பதில் முழுக்க 'கை ஸ்கொயர், கை ஸ்கொயர்' என்று வந்தது.

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நன்றி சொன்னாள். கூட்டம் முடிகிற வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தாள். லேப்டாப்பை மூடியதும் என்னைப் பார்த்து, "கையா?" என்றாள்.

"கைக்கு என்ன?"

அவள் திரும்பவும் லேப்டாப்பைத் திறந்து, அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று கேட்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். ஒரு ஆண் குரல் 'கை' என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். கை. அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒரு கிரேக்க எழுத்து. இங்கிலீஷில் எழுதினால் சீ என்று படிக்கத்தான் யாருக்கும் தோன்றும், வாயில் மட்டும் கை என்று வர வேண்டுமாம். காதால் கேட்டிருந்தால் தெரியும். கண்ணால் மட்டும் படித்தவளுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை.

"ஊர் முன்னாடி சீ, சீ, சீன்னு மூணு தடவை சொல்லியிருக்கேன்டி. என் முகத்துல நானே காறித் துப்பிக்கிட்ட மாதிரி."

"விடு. அவங்களுக்கு நம்ம சீ தெரியாது."

"அவங்களுக்கு நான் எங்கேயும் ஒழுங்காப் படிக்காதவன்னு தெரிஞ்சு போச்சு. அது போதாதா?" சொல்லும்போதே முகம் சிவந்து கண் கலங்கியது. அப்புறம் வெட்கம் கோபமாக மாறியது. "அவன் சொல்லிக் கொடுத்ததுதானே? இத்தனை நாள் அவன் வாயில சீ தவிர வேற வந்திருக்கா? தனக்கே தெரியாம எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான்."

சார் என்றால் எழுந்து நிற்கிறவள். ஒரே சாயங்காலத்தில் அவர் 'அவன்' ஆகிவிட்டார்.

மறுநாள் மேஜையில் களையெடுப்பு நடந்தது. நேர்காணல் உள்ள துறை ஒவ்வொன்றும் போனது. சீழம்மாவும் போனார். மாமா காரணம் கேட்டதற்கு, அந்தப் பக்கமெல்லாம் குளிர் ஜாஸ்தி என்றாள். "நேத்து வரைக்கும் குளிரலையா?" என்றார் அவர். கடைசியில் மிஞ்சியது, இழுத்துப் பிடித்துக்கொள்கிற வகை மட்டும்தான். கணக்குக்கான கடிதத்துக்கு ரத்த வங்கி டாக்டரைக் கேட்பதாக முடிவு செய்தாள். அந்த மனுஷருக்கு அக்காவின் கணக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாது. ஆனா முகவரியில செருப்புக் கடை வராதுல்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. தன்னை மறைத்துக்கொள்ள அவளுக்கு அப்போது ஒரு இடம் வேண்டியிருந்தது, குட்டி சார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

என் காரில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு போன் போட்டாள். "சார், கணக்கு லெட்டரை யூனிவர்சிட்டி புரொபசர்தான் எழுதணும்னு விதி போட்டிருக்காங்க. அதனால உங்களுக்குச் சிரமம் வேண்டாம்." அப்படி எந்த விதியும் இல்லை. அவளுக்கும் தெரியும், பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து, "அப்படியா அக்கா... சரி சரி, ரூல்னா ரூல்தானே" என்று கேட்டது. பயிற்சி வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும்போது என் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஓட்டுகிறவர் எக்குத்தப்பாகப் போனால் நான் மிதிக்கலாம். அக்காவின் வாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. ஊரையே கை கழுவ வைக்கிறவள், நல்லது செய்த மனுஷரைக் கை கழுவிவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் வகுப்புக்கும் போகவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். குட்டி சாரே கூப்பிட்டார். ஒரு நல்ல விஷயம், காலையில் சென்டருக்கு வர முடியுமா என்றார். அக்காவுக்குப் போக மனமில்லை. "நேர்லயே போய், இனிமே வரலைன்னு சொல்லிட்டு வந்துடறேன். வேலை ஜாஸ்தின்னு சொல்றேன்" என்று கிளம்பினாள். காரை ஓரமாகப் போட்டுவிட்டு நானும் கூடவே ஏறினேன். மாடிப்படி முழுக்கச் செருப்புக் கடையின் காலி அட்டைப் பெட்டிகள். மேலே ஒரு தாழ்வாரம், ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம். வகுப்பறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே காலை வகுப்பு, கல்லூரிப் பிள்ளைகள்.

உள்ளேயிருந்து குட்டி சாரின் குரல் கேட்டது. "இதுவரைக்கும் பார்த்தது நார்மல். அதை ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா என்ன கிடைக்கும்? கை ஸ்கொயர். இன்னொரு தடவை சொல்லுங்க."

"கை ஸ்கொயர்" என்றன குரல்கள்.

நான் அக்காவின் தோளைத் தட்டினேன். "ஏய், கைன்னுதானே சொல்றாரு? அவருக்குத் தெரிஞ்சிருக்கே! அப்புறம் உங்க வகுப்புக்கு மட்டும் ஏன் சீன்னு..."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"மொத நாள் வகுப்புல எல்லாரையும் எழுப்பி, ஏற்கெனவே என்னென்ன தெரியும்னு கேட்டார்டி. நான் எழுந்து, எனக்கு சீ ஸ்கொயர் போடத் தெரியும்னு பெருமையாச் சொன்னேன். பின்னாடி இருந்த மெடிக்கல் ஷாப்காரர், 'யாரைம்மா சீன்னு திட்டறீங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஏதோ தமாஷ்னு நினைச்சு நானும் சேர்ந்து சிரிச்சேன்."

"சாரு?"

"அவர் சிரிக்கல. நேரா போர்டுக்குப் போய் அந்த எழுத்தைப் போட்டாரு. 'சீ ஸ்கொயர். அக்கா சொன்னாங்களே, அது வரைக்கும் நாம போகணும்'னாரு. எல்லாரும் வாயை மூடிட்டாங்க. அன்னிலேர்ந்து அவரும் சீதான், நாங்களும் சீதான்." கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். "அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கலடி. நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

அவன் மறுபடியும் அவர் ஆகியிருந்தார். அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிற நேரம் அதுவல்ல.

கதவு திறந்தது. எங்களைப் பார்த்ததும் குட்டி சாருக்கு முகமெல்லாம் பல். "அக்கா! வந்துட்டீங்களா!" அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண், "சார், அந்த கை ஸ்கொயர் டேபிள் எங்க இருக்கு?" என்று கேட்டாள். "கை ஸ்கொயர் டேபிள் கடைசிப் பக்கம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு இன்னிக்கு சீ ஸ்கொயர் ஆரம்பிச்சிருக்கேன்கா" என்றார்.

எந்தத் தடுமாற்றமும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. எத்தனை நாள் பழக்கமோ. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தன் சந்தோஷத்தில் மடமடவென்று பேசினார். அவருக்கு எம்எஸ்சியில் பாடம் எடுத்த புரொபசரைப் போய்ப் பார்த்தாராம். முதல் நாள் பார்க்க முடியவில்லையாம், அறை வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாராம். மறுபடியும் போய், அக்காவின் விடைத்தாள்களை எல்லாம் காட்டி, கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கிவிட்டாராம். "முன்பின் தெரியாதவங்களுக்கு எப்படிடா எழுதறதுன்னாரு. நேர்ல பேசிப் பாருங்க சார், பத்தே நிமிஷம், அப்புறம் நீங்களே எழுதுவீங்கன்னேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு."

அக்கா நிமிரவில்லை. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சட்டைக் கையில் இருந்த மையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. அவர் கொஞ்சம் பழைய காலத்து ஆளு. நாம சீ ஸ்கொயர்னு சொல்றோம் இல்லையா, அதை அவர் கைன்னு சொல்லுவாரு. சில பேர் அப்படிச் சொல்றது உண்டு. ரெண்டும் சரிதான். அவர்கிட்ட மட்டும் நாமளும் கைன்னே சொல்லிட்டா அவருக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

"எத்தனை பேர் சார் சீன்னு சொல்றாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்காங்கக்கா."

"எங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வராத முகம் அது, எனக்கே பாவமாக இருந்தது. "நம்ம வகுப்புல எல்லாரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், புரொபசர்தான் எழுதணும்னு யாரும் விதி போடல."

"புரியலக்கா."

"நான் சொன்னது பொய். அன்னிக்கு ஒரு மீட்டிங்ல சீன்னு சொல்லி அவமானப்பட்டேன். உங்களுக்குத்தான் தெரியலைன்னு நினைச்சேன். உங்க பேரு என் விண்ணப்பத்துல வந்தா எனக்குக் கௌரவக் குறைச்சல்னு நினைச்சேன். அதான் பொய் சொன்னேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வார்டில் கை கழுவாத டாக்டரைப் பற்றி மேலிடத்தில் சொல்வாளே, அதே குரல். குட்டி சார் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உள்ளே பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். கதவை ஒரு தட்டுத் தட்டி அடக்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் அப்படித்தான்கா தோணுச்சு" என்றார். "நீங்க லெட்டர் கேட்டப்ப ரொம்ப சந்தோஷம். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தா, என் பேருக்குக் கீழ என்ன போடறதுன்னு தெரியல. நானே ரெண்டு வருஷம் பிஎச்டிக்குப் போட்டுப் பார்த்தவன்தான், ஒரு இடத்துலயும் கூப்பிடல. என் லெட்டரால உங்களுக்கும் கிடைக்காமப் போயிட்டா? ரூல் இருக்குன்னு நீங்க சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. உடனே புரொபசர்கிட்ட ஓடினேன்."

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் அவரைப் பற்றி நினைத்த அதையேதான் அவரும் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது, அவர் கோபப்பட்டிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலித்தது. பெஞ்சில் இருந்த கைப்பையை எடுத்து, போனை வெளியே எடுத்தாள்.

"உங்க இமெயில் சொல்லுங்க சார்."

"வேண்டாம்கா. புரொபசரே எழுதட்டும். உங்களுக்கு நல்லது."

"அவருக்கு என்னைத் தெரியாது."

"நாளைக்குத் தெரிஞ்சுடும்."

"பத்து நிமிஷத்துல என்ன தெரியும்? நான் எத்தனை தடவை ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு உங்க உயிரை எடுத்தேன்னு அவருக்குத் தெரியுமா? தப்பாப் போட்ட கணக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் உங்களோட சண்டை போட்டேனே, அது தெரியுமா? சொல்லுங்க சார்."

எட்டிப் பார்த்தேன். அவள் திறந்து வைத்திருந்தது சீழம்மாவின் துறையுடைய விண்ணப்பம். "அங்க நேர்காணல் இருக்கே?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். திரையில் பரிந்துரைப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். "தம்பின்னு போடு" என்று நான் கிண்டல் செய்தேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவள் 'ஆசிரியர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். குட்டி சார் எழுத்து எழுத்தாக இமெயிலைச் சொன்னார்.

"புரொபசர்கிட்ட நானே வந்து சொல்றேன் சார். நான் செஞ்ச குளறுபடி."

"வேண்டாம்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவு கெஞ்சி வாங்கியதை இப்போது போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தத் தலைக்குனிவும் அவருக்குத்தான். அதை நினைத்தாரோ என்னவோ, ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் எப்போதும் போல, "வகுப்புக்கு வாங்க. ஒரு வாரப் பாடம் விட்டுப்போச்சு" என்றுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியதும் அக்கா அனுப்புகிற பட்டனை அழுத்தினாள்.

கீழே வந்து காரில் ஏறினோம். எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு தப்பு நடந்தது, சரிசெய்தாயிற்று, கதை முடிந்தது என்கிற சுபாவம் என்னுடையது. "நல்ல காரியம் பண்ணினக்கா" என்றேன்.

"நல்ல காரியமா?" என்றாள். "பட்டனை அழுத்தினேன் பாரு, அப்பக்கூட என்ன தோணுச்சு தெரியுமா? ஐயோ, கைக்கு வந்த புரொபசர் லெட்டர் போச்சேன்னு தோணுச்சுடி. அந்த மனுஷன் அப்படிச் சொன்னதுக்கு அப்புறமும். அவ்வளவுதான் நான்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சாவியைத் திருகிவிட்டு, கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக அண்ணாந்து பார்த்தால் மாடி ஜன்னலில் குட்டி சார். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, எங்கள் காரைப் பார்த்து விடாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேல பாரு" என்றேன். அவள் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன்.